மாப்பிள்ளை வைன் பார்க்க வர்றார்

மாப்ள, உங்க செய்தி கிடைச்சுது. தம்பி மக பாப்பாவும் நீங்களுமா டிசம்பர்ல தமிழ்நாட்டுலேர்ந்து கோலாலம்பூர் வர்றீங்க. பத்துமலை, இரட்டைக் கோபுரம் எல்லாம் அவ சின்னப் புள்ளையிலேர்ந்து பார்த்துச் சலிச்சது. அதனால இந்தத் தடவை ‘வைன் அனுபவம்’ எங்கெங்க கிடைக்கும்னு பெரிய மாமா விசாரிச்சு வைக்கணும்னு கேட்டிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். கிள்ளான்ல பொறந்து, ரப்பர் தோட்டத்து லயத்துல வளர்ந்து, பால் வாளி தூக்கியே தோள் இறங்கிப்போன எழுபத்தெட்டு வயசுக் கிழவன்கிட்ட வைனுக்கு வழி கேட்ட முதல் மாப்பிள்ளை நீங்கதான். சரியான ஆளாப் பார்த்துக் கேட்டிருக்கீங்க. உங்க பெரிய அத்தை பக்கத்து அறையில தொடர் நாடகம் பார்த்துக்கிட்டு இருக்கா. அதனால போன்ல சத்தம் போடாம எழுதியே அனுப்புறேன்.

முதல்ல மனசைத் தேத்திக்கங்க. நம்ம வட்டாரத்துக்குக் கிள்ளான் பள்ளத்தாக்குன்னு பேரு. அதைப் படிச்சுட்டுப் பச்சைச் சரிவு, வரிசை வரிசையாக் கொடி, தொப்பி போட்ட வெள்ளைக்காரம்மா கூடையோட நிக்கிறதுன்னு எதையாவது நினைச்சிருந்தீங்கன்னா, இந்தப் பள்ளத்தாக்குல உங்களை வரவேற்கப் போறது ஃபெடரல் நெடுஞ்சாலையும் அதுல நகராம நிக்கிற காருங்களும்தான். வைன் திராட்சைக்குக் குளிர்காலம் வேணும். இலையைக் கொட்டிட்டுக் கொடி கொஞ்ச மாசம் தூங்கி எழுந்தாதான் ஒழுங்காக் காய்க்கும். இங்க வருஷம் பூரா வெயிலும் மழையும். மனுஷனே ராத்திரி ஃபேனுக்குக் கீழ புரண்டுக்கிட்டு இருக்கான், கொடி எங்க தூங்குறது? தாய்லாந்துக்காரங்க காவ் யாய் மலைப்பக்கம் கொஞ்சம் குளிர்ச்சியான மேடாப் பார்த்துத் தோட்டம் போட்டு வைன் எடுக்குறாங்க. உங்க நாட்டுலயே நாசிக்ல சூலா கம்பெனி 2000-லேர்ந்து வைன் விக்குது, தோட்டத்துக்குள்ளயே ருசி பார்க்கக் கூடம் கட்டி வச்சிருக்கு. உங்க தேனிப் பக்கத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. கொடி காய்க்கிற நாட்டுலேர்ந்து கொடி தூங்க முடியாத நாட்டுக்கு வைன் பார்க்க வர்றீங்க. வாங்க. மாப்பிள்ளை வர்றதுக்குக் காரணமா கேட்பாங்க?

இங்க கிடைக்கிற வைன் எல்லாம் வெளிநாட்டுலேர்ந்து இறங்குறது. இறங்குற துறைமுகம் நம்ம வீட்டுக்கு ரொம்ப தூரமில்ல, போர்ட் கிள்ளான். 1901-ல தொறந்தப்ப அதுக்குப் பேரு போர்ட் சுவெட்டன்ஹம். எங்கப்பாவை ரஜுலா கப்பல் கொண்டாந்து இறக்கினதும் அங்கதான். அப்பாவை லாரியில ஏத்தித் தோட்டத்துக்கு அனுப்பினாங்க. புட்டியை ஏத்தினா பட்டணத்துப் பங்சாருக்கும் புக்கிட் பிந்தாங்குக்கும் போகுது. நடுவுல சுங்கத்துறை நிக்குது. 2016 மார்ச்லேர்ந்து வைனுக்குக் கலால் வரியை அதுல இருக்கிற சுத்தச் சாராயத்தை அளந்து போடுறாங்க, அப்ப லிட்டருக்கு 150 வெள்ளி, அதாவது ரிங்கிட். 12 விழுக்காடு வைன், 750 மில்லி புட்டின்னா உள்ள 90 மில்லி சாராயம், அதுக்கு 13 வெள்ளி 50 காசு. 2025 நவம்பர்ல அதுக்கு மேல பத்து விழுக்காடு ஏத்தினாங்க. இறக்குமதி வரி, விற்பனை வரி எல்லாம் தனி. இதுல பொங்கி வழியிற ஷாம்பெய்ன் வகைக்கு 2016-ல போட்ட கணக்கு லிட்டருக்கு 450 வெள்ளி, மூணு மடங்கு. நுரைக்குன்னு தனியா வரி போட்ட அரசாங்கத்தை நான் இங்கதான் பார்த்தேன். அதனால நம்ம ஊர்ல கல்யாண நாள் கொண்டாடுறதா இருந்தா நுரை இல்லாமக் கொண்டாடுங்க. பாப்பா காரணம் கேட்டா வயித்துக்கு ஆகாதுன்னு சொல்லிடுங்க.

சரி, எங்க போறது? பணக்கார வழியை முதல்ல சொல்றேன். கோலாலம்பூர்ல வைனோட விலை மாடிப்படியில ஏறும். தரையில ஒரு விலை, முப்பதாவது மாடியில ஒரு விலை. கேஎல்சிசி பக்கத்துக் கோபுரத்துல 57-வது மாடியில ஒரு பார் இருக்கு, அங்க நின்னா இரட்டைக் கோபுரத்தைக் கன்னத்துல தட்டலாம். ஜாலான் சுல்தான் இஸ்மாயில்ல மெனாரா கேஎச் கட்டடத்து மொட்டை மாடி ஹெலிகாப்டர் இறங்குற தளம். சாயங்காலம் ஆனா அதுல நாற்காலி போட்டு ஊத்திக் கொடுக்குறாங்க. ஓரத்துல கம்பி கிம்பி பெருசா இல்ல, ரெண்டாவது கோப்பைக்கு அப்புறம் நடுவுலயே உக்காருங்க, நம்ம புள்ளை சின்ன வயசு. செருப்பும் அரைக்கால் சட்டையுமா போனீங்கன்னா இந்த மாதிரி இடத்துல வாசல்லயே நிறுத்திடுவாங்க. உங்க கல்யாணத்துக்குத் தைச்ச கோட்டு இன்னும் பொத்தான் போட வந்தா எடுத்துக்கிட்டு வாங்க.

விலைப்பட்டியல்ல எண்ணுக்குப் பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி இருக்கும். அழகுக்குப் போட்டதுன்னு விட்டுடாதீங்க. ஒரு குறி பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், இன்னொரு குறி ஆறு விழுக்காடு அரசாங்க வரி. அந்தப் பட்டியலைக் கடைசிப் பக்கத்துலேர்ந்து படிக்காதீங்க, அங்க இருக்கிறது எல்லாம் நம்ம ஆறு மாசச் சம்பளம். பங்சார்ல ஜாலான் தெலாவி சுத்துவட்டாரத்துல போனா தரைமட்டத்துலயே வைன் கிடைக்கும், கோப்பைக் கணக்குல விப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அங்க உக்கார்ந்து குடிக்கிறவங்க யாரும் மேல பார்த்து ஏங்கறதில்ல.

ருசி பார்க்கிற சடங்கை உங்களுக்கு நான் சொல்லணுமா, நீங்க படம் பார்த்துப் படிச்சிருப்பீங்க. ஆனா எங்க பேரன் என்னை ஒரு தடவை அந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிட்டுப் போனான், அதனால சொல்றேன். அது அப்படியே பொண்ணு பார்க்கப் போன வீடு. முதல்ல புட்டியைக் கொண்டாந்து முகத்தை மட்டும் காட்டுறாங்க, ஊரு, பேரு, பொறந்த வருஷம். நாம தலையாட்டணும். அப்புறம் ஒரு சொட்டு ஊத்தி, நாம மோந்து பார்க்கிற வரைக்கும் பக்கத்துல கையைக் கட்டி நிக்கிறாங்க. பிடிக்கலைன்னு சொல்லலாமான்னு பேரன் காதுல கேட்டேன். கெட்டுப்போயிருந்தா மட்டும்தான் சொல்லணும், பிடிக்கலைன்னு சொல்லக் கூடாதுன்னான். அவ்வளவு பொருத்தம்.

கோப்பையைச் சுத்துறதுல விஷயம் இருக்கு, கேலி பண்ணமாட்டேன். சுத்தினா வாசனை மேல எழும்பி வரும். கண்ணாடி உட்பக்கம் கோடு கோடா இறங்குறதைப் பார்த்து, ஆஹா நல்ல சரக்குன்னு சொல்றவங்க இருக்காங்க. அந்தக் கோடு சாராயம் ஆவியாகிறதுல வர்றது, தரத்தை ஒண்ணும் சொல்லாது. அடுத்து வாசனைக்குப் பேரு வைக்கிற கட்டம். எனக்கு ஊத்தின சிவப்பு வைன்ல தோல், புகையிலை, ஈர மண், லேசாப் புகைன்னு பரிமாறின பையன் பட்டியல் படிச்சான். நான் ஒண்ணும் பேசல. தோல் செருப்பு, சுருட்டு, மழை பேஞ்ச தரை, ரப்பர் சீட்டு காயவைக்கிற புகைக்கொட்டாய் – ஐம்பது வருஷம் அந்த வாசத்துலதான் தூங்கி எழுந்தேன். அதை மோந்து பார்க்கக் காசு கொடுப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா லயத்துலயே ஒரு மேசை போட்டு உக்கார்ந்திருப்பேன்.

உருப்படியா ஒண்ணு சொல்றேன், இது மட்டும் குறிச்சு வச்சுக்கங்க. சிவப்பு வைனை அறை வெப்பத்துல குடிக்கணும்னு படிச்சிருப்பீங்க. அது ஐரோப்பாக்காரன் அறை, 16, 18 டிகிரி. நம்ம மேசை மேல வச்சா சீக்கிரமே சூடேறிடும், சாராயம் மட்டும் மூக்குல குத்தும். வெக்கப்படாம ஐஸ் வாளி கேளுங்க. பரிமாறுறவர் முகம் சுளிச்சா சுளிக்கட்டும், அவருக்கு ஏர்கண்டிஷன் இருக்கு. புட்டி வாங்குறதா இருந்தா வெயில் படுற ஜன்னல்ல அலங்காரமா நிக்க வச்சிருக்கிற கடையில வாங்காதீங்க. அது வைன் இல்ல, வெந்த திராட்சை ரசம்.

மறுநாள் பிரிக்ஃபீல்ட்ஸ் வருவீங்க, பாப்பாவுக்குப் புடவை, உங்களுக்கு வாழையிலைச் சாப்பாடு. அந்த ஊரு பேரே செங்கல் சூளையில வந்தது. 1881-ல தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து கோலாலம்பூர் அழிஞ்சப்ப, இனிமே அத்தாப்பு ஓலைக் கூரையும் பலகைச் சுவரும் வேணாம், செங்கல்லுல கட்டுங்கன்னு உத்தரவாச்சு. சூளை வச்ச இடம் அது. அப்புறம் ரயில்வே வந்துது, தமிழர் குடியிருப்பு வந்துது. 2010 அக்டோபர்ல அப்ப உங்க பிரதமரா இருந்த மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியான்னு தொறந்து வச்சாரு. அங்க இலை போட்டு ரசம், நண்டுக் கறி, பாகற்காய் வறுவல்னு சாப்பிடும்போது சிவப்பு வைன் ஞாபகம் வந்துச்சுன்னா விட்டுடுங்க. துவர்ப்புள்ள வைன் மிளகாய்க் காரத்தை நாக்குல ஊதிவிடும். காரத்துக்குக் கொஞ்சம் தித்திப்பான வெள்ளை வைன், ரீஸ்லிங்னு சொல்றது, அதுதான் ஒத்துப்போகும். அதுவும் நீங்க உக்கார்ற கடையில இருக்காது. மோர் இருக்கும், அதைக் கேளுங்க. சுத்தினா அதுவும் சுத்தும்.

இவ்வளவும் பேரன் வழி. இனி என் வழி.

மெர்டேக்கா சதுக்கத்துல சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு எதிர்ல நின்னு பாருங்க, கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமா ஒரு நீளக் கட்டடம். 1884-ல தொடங்கின சிலாங்கூர் கிளப். வெள்ளைக்காரன் அதைப் புள்ளி நாய்னு செல்லப் பேரு வச்சுக் கூப்பிட்டான். தோட்டத்துத் தொரைமார் பட்டணம் வந்தா அங்கதான் விஸ்கியும் சோடாவும் பாதிக்குப் பாதி. உள்ள இருந்த நீள பாருக்கு ஆம்பளைங்க மட்டும்தான் போகலாம், தொரைசானிக்கே இடம் கிடையாது. கிளப்பு வேணாம்னா முன்ன பத்து ரோடுன்னு சொன்ன தெருவுல 1921-ல தொடங்கின கொலீசியம், ஹைனான்காரர் சமையல், தோட்டக்காரனும் ஈயச் சுரங்கக்காரனும் தோள் உரசிக் குடிச்ச இடம். சீன முதலாளி தவுக்கேக்கு அவர் கடை, அவர் சம்சுச் சாராயம். இப்படி இந்தப் பள்ளத்தாக்குல யாரு என்ன குடிக்கணும், எங்க உக்கார்ந்து குடிக்கணும்னு ஒரு எழுதாத சட்டம் இருந்துச்சு.

எங்களுக்கும் கிளப் இருந்துச்சு மாப்ள. தோட்டத்துக் கள்ளுக்கடை. தகரக் கூரை, கவுண்டர், மங்குக் குவளை. அடி வாங்கி நெளிஞ்ச குவளையில ஊத்தினாலும் நுரை ஒண்ணுதான். தென்னம்பாளையை விரியறதுக்கு முன்னாடியே நாரால வரிஞ்சு கட்டி, மெல்லத் தட்டித் தட்டி, நுனியைச் சீவிப் பானை கட்டுவாங்க. காலையும் மாலையும் ஏறி இறங்கணும். சொட்டுற சாறு தித்திப்பு. பானைக்குள்ள சுண்ணாம்பு தடவியிருந்தா அது பதநீர். தடவலைன்னா காத்துல இருக்கிற ஈஸ்ட் மரத்து மேலயே வேலையைத் தொடங்கிடும், இறக்கும்போதே நுரை. நடுப்பகல்ல நிதானம், சாயங்காலம் புளிப்பு, மறுநாள் வினிகர். திராட்சைச் சாறு வைன் ஆகிறதும் இதே ஈஸ்ட், இதே சர்க்கரை. என்ன, அது 12, 13 விழுக்காடு, இது அதுல பாதிகூட இருக்காது. நீங்க 2015-ஆம் வருஷத்துப் புட்டின்னு தடவித் தடவிப் பார்ப்பீங்க. எங்காளுங்க காலை எட்டு மணிக் கள்ளா, பதினோரு மணிக் கள்ளான்னு கேட்பாங்க. அவங்க நாக்குக்குப் பட்டம் கொடுக்க யாரும் பள்ளிக்கூடம் வைக்கல.

இதைக் கேட்டு உங்களுக்கு உடனே ஒண்ணு தோணும், எனக்குத் தெரியும். ‘மாமா, அப்ப ஒரு பாரம்பரியக் கள்ளுச் சுற்றுலா போகலாமே!’ அங்கதான் கொஞ்சம் நில்லுங்க. அந்தக் கள்ளுக்கடையைத் தோட்ட நிர்வாகமே நடத்துச்சு. சம்பளம் கொடுக்கிற கையே சாயங்காலம் கடையைத் தொறந்து வச்சு வாங்கிக்கிச்சு. வந்த லாபத்துல தொழிலாளிக்கு நல்லது பண்றோம்னு திருவிழாவுக்குப் பந்தல், பசங்களுக்குப் பந்துன்னு கொஞ்சம் கண்ணுல காட்டுவாங்களாம். குடிச்சவன் காசுல குடிச்சவன் புள்ளைக்குப் பந்து. சம்பள நாள் அன்னிக்கு லயத்துல எந்த வீட்டுல அடுப்பு எரியும், எந்த வீட்டுல அம்மி மட்டும் பறக்கும்னு பொம்பளைங்களுக்குத் தெரியும். எங்க அம்மா கள்ளுக்கடைக்கு வச்ச பேரை உங்களுக்கு எழுத முடியாது, நீங்க மாப்பிள்ளை.

1941-ல நம்ம கிள்ளான் வட்டாரத் தோட்டத்துல எல்லாம் வேலைநிறுத்தம் நடந்துச்சே, கேள்விப்பட்டிருக்கீங்களா? ஆர்.எச். நாதன்னு ஒருத்தர், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்து ஆளு, முன்ன நின்னாரு. கோரிக்கைப் பட்டியல்ல சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேணும், புள்ளைங்களுக்கு நல்ல படிப்பு வேணும், எங்க பொம்பளைங்க மேல கை வைக்கிறது நிக்கணும், தொரை எதிர்ல வந்தா சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். இதோட சேர்த்து, கள்ளுக்கடையை மூடு. மே மாசம் நாதனைப் பிடிச்சு உள்ள வச்சாங்க, பின்னால இந்தியாவுக்கே நாடு கடத்திட்டாங்க. ராணுவம் வந்துச்சு, சுட்டாங்க, நம்ம ஆளுங்க செத்தாங்க. போர் முடிஞ்சு 1947-ல கெடாவுல தொண்டர் படைன்னு இளவட்டப் பசங்க சேர்ந்து கள்ளுக்கடை மறியல் பண்ணினப்ப அங்கயும் போலீஸ் தடியும் துப்பாக்கியும்தான். அதுக்கும் முன்னாடி 1929 கடைசியில மலாயாவுக்கு வந்த பெரியார், மதுவிலக்குக்காகத் தன் தோப்புத் தென்னையையே வெட்டிச் சாய்ச்ச மனுஷன். கள்ளுன்னா எங்களுக்கு இத்தனையும் சேர்ந்து வரும்.

எங்கப்பா குடிப்பாரு. அந்த 1941 கூட்டத்துலயும் நின்னாரு. ‘குடிக்கிறவரு எப்படிப்பா மூடச் சொன்னீங்க?’ன்னு வாலிப வயசுல ஒரு நாள் கேட்டேன். ‘வாய் என்னோடது, கடை தொரையோடது. என் வாயை என்னால மூட முடியல. அவன் கடையையாவது மூடச் சொன்னேன்’னாரு. உங்க வைன் வகுப்புல இதுக்குப் பேரு என்னன்னு தெரியல.

அதனால சுற்றுலா வேணாம். ஆனா ஒரு குவளை வேணும்னா இருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன். உங்க தமிழ்நாட்டுல 1987-லேர்ந்து கள்ளுக்குத் தடை, அரசாங்கமே கடை வச்சுப் பிராந்தி விக்குது, மரத்துல ஏறினா மட்டும் பிடிக்குது. இங்க உரிமம் வாங்கின கள்ளுக்கடை இன்னும் இருக்கு. காலையிலயே போகணும், புட்டியில அடைச்சு ஃபிரிட்ஜ்ல வச்சதை வாங்கக் கூடாது. தொட்டுக்கக் காரமா ஏதாவது வறுத்துக் கொடுப்பாங்க. படம் எடுக்காதீங்க. அங்க உக்கார்ந்திருக்கிற பெரியவங்க காட்சிப் பொருள் இல்ல. உங்களை அவங்க எடுத்தா விட்டுடுங்க.

இப்ப கொஞ்சம் கண்டிப்பு. பேரு தெரியாத புட்டி, அடிமாட்டு விலை விஸ்கின்னு யாராவது நீட்டினா கைதொடாதீங்க. 2018 செப்டம்பர்ல இந்தப் பள்ளத்தாக்குலதான் மெத்தனால் கலந்த சரக்கைக் குடிச்சு முப்பது பேருக்கு மேல செத்தாங்க, அதுல நிறையப் பேரு வேலைக்கு வந்த வெளிநாட்டு ஏழைங்க. இருபத்தொரு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு விக்கக் கூடாதுன்னு 2017 டிசம்பர்லேர்ந்து சட்டம். உங்க மச்சினன் கூட வர்றான்னா அவன் கடப்பிதழைப் பார்த்துட்டுக் கிளப்புங்க. குடிச்சுட்டு வண்டி ஓட்டுறது 2020 அக்டோபர்லேர்ந்து ரொம்பக் கடுமை. ரத்தத்துல அளவை 80 மில்லிகிராமிலேர்ந்து 50-க்குக் குறைச்சுட்டாங்க, முதல் தடவை மாட்டினாலே 10,000 வெள்ளியிலேர்ந்து 30,000 வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரை ஜெயில். ரெண்டு கோப்பை வைன் அந்தக் கோட்டைத் தாண்ட வச்சிடலாம். கேஎல் சென்ட்ரல்லேர்ந்து கிள்ளானுக்குக் கொம்யூட்டர் ரயில் இருக்கு, ஏறி உக்காருங்க, தூங்கினாலும் போர்ட் கிள்ளான்ல எழுப்பிடுவாங்க. நான் வந்து கூட்டிக்கிறேன்.

இன்னொண்ணு, இது நம்ம நாட்டு மரியாதை. மலாய் நண்பர் கூட இருந்தா அவர் பக்கம் கோப்பையை விளையாட்டுக்குக்கூட நீட்டாதீங்க. அவங்களுக்கு அது மதத்துல மட்டுமில்ல, ஷரியா சட்டத்துலயும் குத்தம். பாரபட்சமில்லாம ஊத்திக் கொடுக்கிறதுதான் தமிழன் பெருந்தன்மைன்னு உங்க ஊர்ல வச்சுக்கங்க. குடிக்கிற படத்தை ஊரெல்லாம் பார்க்கப் போடணும்னும் இல்ல. 2017-ல ஒரு பீர் திருவிழாவுக்கு மாநகர் மன்றம் அனுமதியே தரல. அடக்கமா இருந்தா இந்த நாட்டுல எல்லாத்துக்கும் இடம் இருக்கு. சத்தம் போட்டாதான் கூட்டம் சேரும்.

குடிக்காத பாப்பாவுக்கு என்ன பண்றதுன்னு கேட்டா, செத்தாப்பாக் பக்கம் கூட்டிட்டுப் போங்க. அங்க ராயல் சிலாங்கூர்னு பியூட்டர் செய்யிற பழைய கம்பெனி, 1885-ல யோங் கூன்னு ஒரு சீனர் தொடங்கினது. நம்ம ஊரு ஈயத்துலதான் அந்தப் பாத்திரமெல்லாம் முதல்ல பண்ணினாங்க. வாசல்ல ஆளைவிட உசரமா ஒரு பியூட்டர் குவளை நிக்கும், 1985-ல நூற்றாண்டுக்குப் பண்ணினது. உள்ள சுத்தியல் கொடுத்து நம்மளையே ஒரு கிண்ணம் தட்டச் சொல்வாங்க. பாப்பா தட்டட்டும். கல்யாணமான புள்ளைங்களுக்கு எதையாவது தட்டினா மனசு லேசாகும், பக்கத்துல நிக்காதீங்க.

கடைசி நாள் கிள்ளானுக்கு வாங்க. பாக் குட் தே இங்க பொறந்ததுன்னு கிள்ளான்காரன் எவனைக் கேட்டாலும் சத்தியம் பண்ணுவான். 2024-ல தேசியப் பாரம்பரிய உணவுப் பட்டியல்லயும் சேர்த்துட்டாங்க. பன்றி எலும்பு, மூலிகை, பூண்டு, மண்சட்டியில மணிக்கணக்காக் கொதிச்ச சாறு. சீனங்க அதுக்கு டீ குடிப்பாங்க. ஆனா நம்ம பக்கத்துச் சீனச் சாப்பாட்டுக் கடைங்கள்ல நிறைய இடத்துல நம்ம புட்டியை நாமே கொண்டு போய்த் தொறக்கலாம். சில கடையில அதுக்கு ஒரு சின்னக் கட்டணம், தெரிஞ்ச தவுக்கேன்னா அதுவும் இல்ல, கோப்பை மட்டும் டீக் கிண்ணமா இருக்கும். 57-வது மாடியில நீங்க ஒரு கோப்பைக்குக் கொடுக்கிற காசுல இங்க ஒரு புட்டியும் ஒரு சட்டியும் முடிஞ்சுடும். அந்த மூலிகையும் கறுப்புச் சோயாவும் சேர்ந்த சாறுக்குச் சிவப்பு வைன் எப்படி இருக்கும்னு நான் அனுபவிச்சுச் சொல்லல, கேள்விப்பட்டதுதான். கேள்விப்பட்டது எத்தனை தடவைன்னு கேட்காதீங்க.

ஆனா அதுக்குப் புட்டி வேணுமே. இங்க வாங்கினா நான் மேல சொன்ன அத்தனை வரியும் நம்ம தலையில. அதுக்குத்தான் சொல்ல வந்தேன், மாப்ள. வெளிநாட்டுலேர்ந்து வர்ற பெரியவங்க ஆளுக்கு ஒரு லிட்டர் வரைக்கும் வரியில்லாமக் கொண்டு வரலாம். நீங்க ஒரு ஆளு. பாப்பா ஒரு ஆளு. அவதான் குடிக்கமாட்டாளே, அவ பங்கு ஒரு லிட்டர் எதுக்கு வீணாப் போகணும்? உங்க பங்குல நீங்க என்ன வேணா வாங்கிக்கங்க, பிரெஞ்சோ இத்தாலியோ, உங்க இஷ்டம். பாப்பா பங்குல சிவப்பா ஒண்ணு போதும், தித்திப்பில்லாம இருந்தா நல்லது. பெட்டியில புடவைக்கு நடுவுல வைங்க. பெரிய அத்தை பெட்டியைத் தொறந்து கேட்டா, கிறிஸ்மஸ் கேக்குக்குப் பெரிய மாமா பழக்கலவை ஊறப்போட வாங்கிட்டு வரச் சொன்னாருன்னு சொல்லுங்க. நாம கிறிஸ்தவங்க இல்லையேன்னு கேப்பா. அதை நான் பார்த்துக்கிறேன்.